14 மாதமாகத் தனியாக இருக்கும் கோமாளி மீனுக்கு ஜோடி: பெரியதா, சின்னதா?

பைண்டிங்கடை, பழங்காநத்தம்:

வணக்கம். வீட்டில் மூன்றடி உப்புத்தண்ணீர்த் தொட்டி. கல்லும் மணலும் போக 140 லிட்டர் நிற்கிறது. உள்ளே ஒரே ஒரு கோமாளி மீன், இரண்டு நத்தை, ஓர் இறால். மீன் ஆசெலாரிஸ் வகை. கடையில் அப்படிக் கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள், நீமோ என்றால்தான் எடுத்துத் தருகிறார்கள்.

வாங்கும்போது இரண்டாகத்தான் வாங்கினேன். மகள் பாண்டி, முனி என்று பேர் வைத்தாள். போன வருடம் சித்திரைத் திருவிழாவில், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கிளம்பிய அவசரத்தில் தொட்டி மூடியைச் சரியாகப் போடாமல் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால் முனி டிவி ஸ்டாண்டுக்கு அடியில் கருவாடு. அன்றிலிருந்து 14 மாதமாகப் பாண்டி தனி ஆள்.

இப்போது என் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு வளர்ந்துவிட்டான். குணமும் மாறிவிட்டது. இடது மூலையில் ஒரு சின்ன மண்சட்டியைச் சாய்த்து வைத்திருக்கிறேன், அதுதான் அவன் வீடு. கண்ணாடியில் பாசி சுரண்டக் கையை விட்டால் சட்டிக்குள்ளிருந்து பாய்ந்து வந்து கட்டைவிரல் ஓரத்தில் கடிக்கிறான். வலி ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டுக் கையை இழுத்து, தரையெல்லாம் தண்ணீர். "தனியா இருந்து இருந்து அதுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு, ஒரு துணையைக் கொண்டுவந்து விடுங்க" என்கிறாள் வீட்டுக்காரி.

கடையில் இரண்டு மீன் இருக்கிறது. ஒன்று பாண்டியின் அளவேதான், 900 ரூபாய். இன்னொன்று பத்து ரூபாய்க் காசு அகலம், 350. "சமமா இருந்தாத்தான் சார் சண்டை வராது, சின்னதை விட்டா இது அடிச்சே கொன்னுரும்" என்கிறார் கடைக்காரர். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. பெரியதற்கு 200 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்துவரலாம் என்றிருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். பாண்டி ஆண் என்பதால் பெண்தானா என்று பார்த்து வாங்க வேண்டுமா, அதை எப்படிப் பார்ப்பது? அப்புறம், வந்தவுடன் நேராகத் தொட்டியில் விடலாமா? தண்ணீர் மதியத்தில் 30 டிகிரி காட்டுகிறது, உப்பு (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்திக் கணக்கு) 1.025.


தெப்பக்குளம்:

கவரைப் பத்து நிமிஷம் மிதக்க விட்டு அவிழ்த்து விடுங்க பாஸ். நான் இரண்டு விட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ரொம்ப யோசித்தால் மீன் வளர்க்க முடியாது.


அண்ணாநகர் அக்கா:

தெப்பக்குளம் தம்பி விட்டது இரண்டையும் ஒரே நாளில், சின்ன வயதில். அது வேறு கதை. இங்கே ஒன்று 14 மாதமாக வீட்டுக்குச் சொந்தக்காரியாக உட்கார்ந்திருக்கிறது.

ஆமாம், சொந்தக்காரி. பைண்டிங்கடை தம்பி, உங்கள் பாண்டி பெரும்பாலும் இப்போது பாண்டியம்மாள். இந்த மீனில் பிறக்கும்போது எதுவும் பெண் இல்லை. முதிரும்போது முதலில் ஆணாகத்தான் முதிரும். ஒரு கூட்டத்தில் எது பெரியதோ அது பெண்ணாகிவிடும், அதற்கு அடுத்தது ஆண். மிச்சம் இருப்பவை வளர்ச்சியை அடக்கிக்கொண்டு குட்டியாகவே வரிசையில் நிற்கும். பெண் செத்தால் ஆண் பெண்ணாகும், வரிசையில் அடுத்து நிற்கும் குட்டி ஆணாகும். பெண்ணானது மறுபடி ஆணாக மாறாது, அது ஒருவழிப் பாதை. கல்யாணம் ஆனவர்களிடம் விளையாட்டாக "உங்க வீட்டுல மதுரையா, சிதம்பரமா?" என்று கேட்போமே, இந்த மீன் வீட்டில் எப்போதும் மதுரைதான்.

தனியாக விட்ட மீன், விரல் நீளம், சட்டியைக் காவல் காக்கிறது, கையைக் கடிக்கிறது. கிறுக்கு ஒன்றும் இல்லை. அது அதன் எல்லை, அதற்குள் கையை விடுகிறவர் நீங்கள்.

இனி கடைக்காரர் சொன்ன கணக்குக்கு வருகிறேன். சமமாக இருந்தால் சண்டை வராது என்பது மனிதருக்கு வேண்டுமானால் சரி. சேவல்கட்டில் என்ன செய்வார்கள்? உயரம், எடை பார்த்து ஒத்த சேவலைத்தான் ஜோடி போடுவார்கள். ஏன்? அப்போதுதான் இரண்டும் விடாமல் அடித்துக்கொள்ளும். நீங்கள் 900 ரூபாய் கொடுத்து வாங்கப் போவது அதைத்தான். அந்தப் பெரிய மீனும் கடைத்தொட்டியில் தனியாக இருந்து வளர்ந்திருந்தால் அதுவும் பெண்ணாகியிருக்கும். இரண்டு பெண்ணுக்கு ஒரு தொட்டி போதாது. சின்னதை விட்டால், பெரும்பாலும் அது பணிந்து காட்டிவிடும், பிரச்சினை முடிந்துவிடும். அதனிடம் பறிக்க ஒன்றும் இல்லை என்பது பெரியதற்கும் தெரியும்.

இதை நான் படித்துச் சொல்லவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் இதே தப்பைச் செய்தேன். இரண்டும் ஒரே அளவு. முதல் நாள் அழகாக ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு இருந்தன, வீடியோ எல்லாம் எடுத்து அனுப்பினேன். இரண்டாம் நாள் ராத்திரி ஹாலில் "டக், டக்" என்று ஒரு சத்தம். மோட்டாரில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்துப் படுத்துவிட்டேன். அது மோட்டார் இல்லை, தாடையை அடித்து இந்த மீன் எழுப்புகிற சத்தம் அது. காலையில் ஒன்று மேல் மூலையில் ஹீட்டர் ஒயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றது, வால் துடுப்பு நார் நாராக. பிரித்து வைத்தும் மூன்றாம் நாள் போய்விட்டது.

அதனால் அட்வான்ஸைச் சின்ன மீனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதுவும் ஆசெலாரிஸ்தானா என்று பார்த்து. தக்காளி நிறத்தில் ஒன்று, கருஞ்சிவப்பில் ஒன்று என்று வேறு கோமாளி வகைகளும் அதே கடையில் இருக்கும், அவற்றை இதோடு சேர்க்கக் கூடாது. வாங்குமுன் உணவு போடச் சொல்லிப் பாருங்கள். பாய்ந்து வந்து தின்ன வேண்டும். உடம்பில் வெள்ளைக் கோழை படிந்திருந்தாலோ, செவுள் படபடவென்று அடித்தாலோ, அந்தத் தொட்டியிலிருந்து எந்த மீனும் வேண்டாம். கோமாளி மீனை அதிகம் பிடிக்கிற புரூக்ளினெல்லா என்று ஒரு ஒட்டுண்ணி இருக்கிறது. அது வந்தால் இரண்டு மூன்று நாளில் ஆளைக் காலி செய்துவிடும்.

நேராகத் தொட்டியில் விடாதீர்கள். நாலு வாரம் தனித் தொட்டி. 20, 25 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரை இன்றைக்கே பெரிய தொட்டியில் போட்டு ஓடவிடுங்கள், கழிவைச் சிதைக்கிற பாக்டீரியா அதில் ஏறட்டும், அப்புறம் அதை டப்புக்கு மாற்றுங்கள். நோய் தெரிந்தால் மருந்தையும் அந்த டப்பில்தான் ஊற்ற வேண்டும். செம்பு கலந்த மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் உங்கள் இறாலும் நத்தையும் அன்றைக்கே போய்விடும்.

கடைக்காரர்கள் பல பேர் உப்பைக் குறைத்துத்தான் வைப்பார்கள், 1.018 கூட இருக்கும். கவர்த் தண்ணீரை அளந்து பார்த்து, டப்பை முதலில் அதே அளவுக்கு வைத்துக்கொண்டால் வேலை சுலபம். நாலு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக 1.025க்கு ஏற்றிவிடலாம். கவர்த் தண்ணீரை மட்டும் எந்தத் தொட்டியிலும் ஊற்றாதீர்கள்.

நாலு வாரம் ஆனதும் ஓட்டை போட்ட டப்பாவில் வைத்துப் பெரிய தொட்டியில் தொங்கவிட வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன், அடுப்பில் பால்.


பைண்டிங்கடை, பழங்காநத்தம்:

அக்கா, இதை வாசித்துக் காட்டியதிலிருந்து வீட்டில் மூன்று பேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாண்டி பெண் என்றதும் வீட்டுக்காரிக்கு அப்படி ஒரு சிரிப்பு. "கையைக் கடிக்குதுன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும்" என்கிறாள். நேற்று வரை கிறுக்கு என்றவள்.

கடைக்காரர் அட்வான்ஸைச் சின்னதற்கு மாற்றிக்கொண்டார், முகம்தான் கொஞ்சம் சரியில்லை. நாலு வாரம் என்பது கட்டாயமா? மகள் தினமும் கேட்பாள்.


வைகைக்கரை:

ஒரு அனிமோன் (கோமாளி மீன் குடியிருக்கிற, பூ மாதிரியான கடல் உயிர்) வாங்கி வைத்தால் இரண்டும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், சண்டையே வராது. ஒளிந்துகொள்ளக் கல் வேண்டுமென்றால் பாம்பன் பக்கம் ஒரு நாள் போய்வாருங்கள், கரையிலேயே கிடக்கும். அப்படியே கேனில் கடல் தண்ணீரும் பிடித்துக்கொள்ளலாம்.


மண்டபம் கேம்ப்:

அண்ணே, அந்த வேலை மட்டும் வேண்டாம். கரையில் கிடக்கிற கல் என்று நீங்கள் சொல்வது பவளம். உயிரோடு இருந்தாலும் செத்துக் கிடந்தாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணை, புலிக்குப் பக்கத்தில். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21 என்று கணக்கு. அதில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இப்போது தண்ணீருக்கு அடியில். அந்தக் காலத்தில் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தது அதற்குப் பெரிய காரணம். காய்ந்த செயற்கைக் கல் கடையிலேயே கிடைக்கிறது, கவிழ்த்த மண்சட்டி அதைவிட நல்லது.

இன்னொன்று. எங்கள் கடலில் கிடைக்கிற கோமாளி மீன் செபே என்கிற வகை. கரும்பழுப்பு உடம்பு, மஞ்சள் வால், ஆளும் பெரிய ஆள். ஆசெலாரிஸ் அந்தமான் பக்கத்து மீன். இப்போதெல்லாம் கடைக்கு வருவதில் நிறைய, தொட்டியில் முட்டை வைத்துப் பொரித்த குஞ்சுதான். இங்கே மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்து மையத்தில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். அந்த நிறுவனமே 1947இல் எங்கள் ஊரில் தொடங்கியதுதான், தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போனது. (எங்கள் ஊர்ப் பெருமை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.) "வளர்ப்புக் குஞ்சா, கடலில் பிடித்ததா" என்று கேட்டு, வளர்ப்புக் குஞ்சாகவே வாங்குங்கள். தொட்டிக்கும் கைத் தீவனத்துக்கும் பழகியிருக்கும்.


அண்ணாநகர் அக்கா:

மண்டபம் தம்பி சொன்னதற்கு மேல் அனிமோன் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும், நாள்பட்ட தொட்டி வேண்டும். 30 டிகிரித் தண்ணீரில் அது சுருங்கிச் செத்துப்போகலாம், செத்தால் தொட்டி மொத்தத்தையும் நாறடித்துவிடும். வளர்ப்புக் குஞ்சுக்கு அனிமோன் என்றால் என்னவென்றே தெரியாது. பாண்டியம்மாளுக்கு மண்சட்டியே அனிமோன்.

30 டிகிரிக்குத் தொட்டி மேல் ஒரு சின்ன ஃபேன் வையுங்கள், தண்ணீர் மட்டத்தில் காற்றுப் படுகிற மாதிரி. இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, சண்டையில் ஓடுகிற மீனுக்கு அதுவே பாதிச் சாவு. ஃபேன் போட்டால் தண்ணீர் சீக்கிரம் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் தினமும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்யுங்கள். உப்புத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் ஒரு மாதத்தில் ஊறுகாய் ஜாடி. போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

நாலு வாரம் கட்டாயம். மகளைத் தீவனம் போடும் பொறுப்பில் வையுங்கள், நாள் ஓடிவிடும்.

டப்பா விஷயம். கடையில் விற்கும் பெட்டி வேண்டாம், பாத்திரக் கடையில் அரிசி களைகிற பிளாஸ்டிக் வடிகூடை வாங்குங்கள். உலோகம் எதுவும் கலக்காதது. மேலே கொசுவலை கட்டி, தொட்டியின் ஓரத்தில் கிளிப் போட்டு, சட்டிக்கு நேர் எதிர் மூலையில் தொங்கவிடுங்கள். ஒரு வாரம், பத்து நாள். பெரியது வந்து கூடையை முட்டும், கடிக்கும், துடுப்பை விரித்துக் காட்டும். அலுத்துப் போய் அது தன் வேலையைப் பார்க்க ஆரம்பிக்கும் நாளில் விடலாம்.

விடுகிற அன்று சாயங்காலம், முதலில் பெரியதற்கு வயிறு நிறையத் தீனி. அப்புறம் கல்லையெல்லாம் இடம் மாற்றுங்கள், சட்டியையும்தான். வீடு மாறிவிட்டால் எல்லை எது என்று அதற்கும் கொஞ்சம் குழப்பம் வரும், வந்தவளோடு... மன்னிக்கவும், வந்தவனோடு மல்லுக்கு நிற்க நேரம் இருக்காது. விளக்கை அணைத்துவிட்டுக் கூடையைச் சாய்த்துவிடுங்கள்.

பெரியது துரத்தும், பயப்படாதீர்கள். துரத்தும்போது சின்னது என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒருக்களித்துச் சாய்ந்து, குளிர்ஜுரம் வந்த மாதிரி உடம்பை நடுக்கிக் காட்டினால் வேலை முடிந்தது. அது "நீங்கதான் பெரியவங்க" என்று சொல்கிறது. நடுங்காமல் எதிர்த்து நின்றாலோ, இரண்டும் வாயோடு வாய் கவ்விக்கொண்டாலோ, சின்னது மேல் மூலையில் ஒதுங்கித் தின்னாமல் நின்றாலோ, உடனே கூடைக்குள் திருப்பிப் போடுங்கள். ராத்திரி "டக் டக்" சத்தம் கேட்டால் எழுந்து பாருங்கள். நான் எழவில்லை.


பைண்டிங்கடை, பழங்காநத்தம்:

ஆறு வாரம் ஆகிவிட்டது, என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

டப்பில் முதல் இரண்டு நாள் அது தின்னவே இல்லை. மூன்றாம் நாள் மகள் ஒரு துளி பூண்டுச் சாறு விட்டு இறாலைப் பொடியாக நறுக்கிப் போட்டாள், பாய்ந்து வந்தது. பூண்டாலா, பசியாலா தெரியாது, அவள் பூண்டுதான் என்கிறாள். கடைத் தண்ணீர் 1.019 இருந்தது. நாலு வாரமும் கோழையோ புள்ளியோ எதுவும் இல்லை.

வடிகூடையில் எட்டு நாள். பாண்டி (எனக்கு இன்னும் பாண்டிதான்) முதல் இரண்டு நாள் சட்டியை விட்டே வந்து கூடை வாசலில் நின்றது. தீனி போட்டால்கூட ஒரு வாய் கவ்விக்கொண்டு மறுபடி கூடைக்கே ஓடும். ஆறாம் நாள் சட்டிக்குள் போய்ப் படுத்துவிட்டது. எதற்கும் இன்னும் இரண்டு நாள் பொறுத்தேன்.

விட்ட அன்று கடையை ஏழு மணிக்கே மூடிவிட்டேன். கல்லை மாற்றி, சட்டியை வலது பக்கம் வைத்து, விளக்கை அணைத்து, நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து ஹால் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். கூடையைச் சாய்த்ததும் சின்னது வெளியே வந்து அப்படியே நின்றது. பாண்டி அம்பு மாதிரி வந்தது. என் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு சாண் தூரத்தில் பாண்டி நின்றதும், சின்னது ஒரு பக்கமாகச் சாய்ந்து, தலையிலிருந்து வால் வரைக்கும் சாமி வந்த மாதிரி ஆடியது பாருங்கள், நான் செத்துவிட்டது என்றே நினைத்தேன். நிமிர்ந்தது. பாண்டி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது, திரும்பவும் ஆட்டம். அன்று ராத்திரி மட்டும் எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

மறுநாள் வால் ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தது, நாலு நாளில் ஆறிவிட்டது. ராத்திரி பதினொன்று வரை சத்தத்துக்குக் காது கொடுத்துப் படுத்திருந்தேன், பக்கத்து வீட்டு மோட்டார்தான் கேட்டது.

இப்போது ஆறு நாள். தின்னும்போது இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன. ஆனால் சட்டிக்குள் மட்டும் இன்னும் விடவில்லை. சின்னது ராத்திரி சட்டி வாசலில் மணலில் படுத்துக்கிடக்கிறது. மகள் அதற்கு வாட்ச்மேன் என்று பேர் வைத்துவிட்டாள். இது சரியாகிவிடுமா அக்கா, இல்லை இரண்டாவது சட்டி வைக்க வேண்டுமா?


அண்ணாநகர் அக்கா:

இரண்டாவது சட்டி வைக்காதீர்கள், பிரித்துவிட்ட மாதிரி ஆகும். வாசல் வரை வந்துவிட்டது, ஒரு நாள் உள்ளேயும் படுக்கும். எனக்கு அதற்கு ஒரு மாதம் ஆனது. ஒரு வருடம் போல ஆனால் சட்டியின் உள்சுவரைப் பெரியது வாயால் சுத்தம் செய்ய ஆரம்பித்தாலும் ஆச்சரியப்படாதீர்கள், முட்டை வைக்க இடம் பார்க்கிறது என்று அர்த்தம். முட்டையைக் காவல் காத்து விசிறுவது பெரும்பாலும் உங்கள் வாட்ச்மேன் வேலைதான். அப்போது கையை விட்டால் இரண்டு பேரும் கடிப்பார்கள்.

அதெல்லாம் இருக்கட்டும். மூடி போட்டாச்சா?


பைண்டிங்கடை, பழங்காநத்தம்:

போட்டாச்சு அக்கா. சட்டம் அடித்துக் கொசுவலை இழுத்துக் கட்டி, காற்றில் தூக்காமல் இருக்க மேலே இரண்டு பைண்டிங் ரெஜிஸ்டரைப் பாலிதீன் சுற்றிப் பாரமாக வைத்திருக்கிறேன். நனைந்தாலும் பரவாயில்லை, கொடுத்தவர் ஆறு மாதமாக வாங்க வரவில்லை.